வழக்குரைக்க விடாத நீதி

"இயக்கம் இருந்த காலத்தில இப்படி ஒரு களவு நடந்திருக்குமா?"

மட்டக்களப்பு வந்தாறுமூலைச் சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் அரை மணி நேரம் இருந்தால், புலிகளின் காலத்தை நினைத்துக் கேட்கும் இந்தக் கேள்வி காதில் விழாமல் எழும்ப முடியாது. மோட்டார் சைக்கிள் களவு போனாலும் இதுதான். வயலில் தண்ணீர் மெசின் காணாமற்போனாலும் இதுதான். கோயில் உண்டியல் உடைந்தாலும் இதுதான். கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். படிப்பித்து ஓய்ந்த ஆசிரியர்கள், வயற்காரர், ஓட்டோ ஓடும் தம்பிமார், கோயில் வண்ணக்கர்மார். அவர்கள் தொடர்ந்து சொல்வதும் எல்லோருக்கும் மனப்பாடம்: "நகை போட்ட குமர்ப்பிள்ளை நடுச்சாமத்தில தனியப் போகலாம். கள்ளனைப் புடிச்சா போஸ்ற்றில கட்டி மண்டையில போட்டாங்க, ஊர் அடங்கிச்சு. இப்ப பொலிசுக்குக் குடுத்தா அடுத்த நாள் பிணையில வந்து நம்மட வாசலுக்கு முன்னால நிண்டு சிரிக்கான்." கடைசியில் ஒரு தீர்ப்பும் வரும்: "நாலு பேரைக் கட்டி வச்சு அடிச்சாத்தான் இது நிக்கும்."

இதை மறுத்துப் பேசுகிறவனைக் கள்ளனுக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு வந்தாலும் வரட்டும். இந்தக் கருத்து பிழையானது. எந்த ஊரில் இருந்து சொன்னாலும் பிழை. வந்தாறுமூலையில் இருந்துகொண்டு சொல்வது பெரும் பிழை.

கோபம் நியாயமானதுதான். தண்ணீர் மெசின் ஒன்று போனால் ஒரு போகமே போகிறது. கடனில் வாங்கிய மெசினுக்கு மாதாமாதம் கட்டும் காசு மட்டும் நிற்பதில்லை. முறைப்பாடு எழுதப் போனால் வாங்கில் மணிக்கணக்காகக் குந்தியிருக்க வேண்டும். சொன்னதைத் தமிழில் எழுத ஆளில்லாத நாளும் உண்டு. எழுதிய பிறகு வழக்கு என்ன ஆனது என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை. ஐஸ் போதைப்பொருள் விற்கிறவன் யாரென்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க, அவன் பிடிபடாமல் திரிகிறான். இவற்றில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. இந்தக் கோபத்துக்கு மருந்து என்று ஒரு 'காலத்தை' எடுத்து நீட்டுகிறார்களே, அந்தக் காலத்தைத்தான் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் மின்கம்பங்களில் ஆட்களைக் கட்டிச் சுட்டார்கள். விடியப்புறம் பால் கறக்கப் போனவரும் பள்ளிக்கூடம் போன பிள்ளையும் அந்த உடல்களைக் கடந்துதான் போனார்கள். கழுத்தில் ஒரு மட்டை, அதில் கையெழுத்தில் ஒரு வரி: 'சமூக விரோதி' அல்லது 'துரோகி'. அந்த மட்டையில் எழுதப்படாததை நினைத்துப் பாருங்கள். முறைப்பாடு செய்தவர் யார், களவு போன பொருள் எது, கண்ட சாட்சி யார், கட்டப்பட்டவன் தன் பக்கத்தில் என்ன சொன்னான்? ஒன்றும் இல்லை. வாசித்தவர்கள் நம்பினார்கள். நம்பாதவன் அதை வெளியே சொல்லவில்லை, சொன்னால் அவனுக்கும் ஒரு மட்டை எழுதப்படலாம். ஊர் அடங்கியது உண்மைதான். அது வாய் அடங்கிய அடக்கம்.

களவே இல்லை என்கிறார்களே, அதை எண்ணியவர் யார்? பொலிஸ் நிலையம் இயங்காத இடத்தில் முறைப்பாட்டுப் புத்தகமும் இல்லை. துவக்கு வைத்திருந்தவர் வந்து வாகனத்தைக் கேட்டால் திறப்பைக் கொடுத்தோம், நகையைக் கேட்டால் கழற்றிக் கொடுத்தோம். பிள்ளையைக் கேட்டபோது கொடுக்க மறுத்த தாய்மாரின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனார்கள். இவற்றையெல்லாம் களவென்று எழுத யாருக்கும் கை வரவில்லை. 2004 ஏப்ரலில் வெருகலில் புலிகள் இயக்கம் இரண்டாகி மோதிய பிறகு மட்டக்களப்பில் ஆட்கடத்தலும் கப்பமும் எப்படி இருந்தன என்பதை நான் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் இரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில் ஒரு மாநாட்டுக்குப் போனவர், வீடு திரும்பவேயில்லை. துவக்கு வைத்திருக்கிறவன் சொல்வதே நீதி என்று ஒரு ஊர் பழகிப்போனால், துவக்கு கை மாறும்போது அந்த நீதியும் அதோடு கை மாறும்.

கள்ளன் என்ற பெயரை யாருக்கு ஒட்டினார்கள் என்பதையும் பாருங்கள். 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்தார்கள். அதன் தலைவர் சிறீசபாரத்தினம் மே 6ஆம் திகதி கொல்லப்பட்டார். அதற்குச் சொன்ன காரணங்களில் களவும் கொள்ளையும் இருந்தன. போராடப் போன எத்தனையோ பொடியன்கள் அந்த ஒரு சொல்லோடு போய்ச் சேர்ந்தார்கள். இந்தப் போக்கை எழுத்தில் கேள்வி கேட்ட மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் யார் வீட்டு நகையைக் களவெடுத்தார்?

இன்னுமொன்று. கம்பத்து நீதியைப் புகழ்கிறவர்கள் மறந்துபோகிற விஷயம் இது: 1990களின் தொடக்கத்தில் புலிகளே காவல்துறை ஒன்றையும், சட்டக்கோவையோடும் நீதிபதிகளோடும் நீதிமன்றங்களையும் அமைத்தார்கள். அவை சுதந்திரமான நீதிமன்றங்கள் அல்ல. அமைப்புக்கு மேலே நின்று தீர்ப்புச் சொல்ல அவற்றால் முடியாது. இருந்தும், கம்பத்தை வைத்து ஒரு சமூகத்தை நடத்த முடியாது என்று அதைப் பாவித்தவர்களுக்கே விளங்கிவிட்டது. அவர்கள் கைவிட்டதைத்தான் நாங்கள் இன்று தேத்தண்ணீர்க் கடையில் இருந்து திரும்பக் கேட்கிறோம்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, பக்கத்து வட்டையில் ஒரு தண்ணீர் மெசின் காணாமற்போயிருந்தது. றோட்டோரமாக ஒரு கூட்டம். நடுவே மின்கம்பத்தில் நைலோன் கயிற்றால் கட்டப்பட்ட ஒரு பொடியன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் ஊரவன் இல்லை. சாரமெல்லாம் சேறு. சேறு இருக்கிறது, ஆகவே வயலுக்குள் இறங்கியிருக்கிறான், ஆகவே கள்ளன். அவ்வளவுதான் விசாரணை. காலடியில் ஒரு உரப்பை கிடந்தது. அடித்தவர்கள் மாறி மாறி அடித்தார்கள், மற்றவர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். அவன் திரும்பத் திரும்ப ஏதோ சொன்னான். வாயில் அடி விழுந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வயதான அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தவர், அந்தப் பையைக் காலால் தட்டினார். உள்ளே ஈரமான வீச்சுவலையும் ஐந்தாறு சின்ன மீனும். ஒன்றிரண்டு மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவன் வாவியில் இருந்து வந்தவன். அந்தச் சேறு வாவிச் சேறு.

அந்தப் பை தொடக்கத்திலிருந்தே அங்கேதான் கிடந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை, நான் உட்பட. கயிற்றை அவிழ்த்தபோது ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, இந்தப் பக்கம் இனி வராத" என்று அனுப்பினார்கள். மெசின் கிடைக்கவில்லை. படம் மட்டும் பல நாள் கைபேசிகளில் சுற்றியது, 'கள்ளன் பிடிபட்டான்' என்ற வரியோடு.

"ஒரு பிழை நடந்ததென்று எல்லாம் பிழையா?" என்று கேட்பார்கள். பிழையைக் கண்டுபிடிக்கும் வழி எதுவுமே இல்லாத ஒரு முறை அது என்பதுதான் என் குற்றச்சாட்டு. நீதிமன்றமும் பிழை விடும். அங்கே மேன்முறையீடு இருக்கிறது, எழுதி வைத்த சாட்சியம் இருக்கிறது, பத்து வருடம் கழித்தும் திரும்பக் கிளறலாம். கம்பத்தடியில் அந்த அம்மா வந்திராவிட்டால் அந்தப் பொடியன் சாகும்வரை மெசின் கள்ளன்தான்.

கூட்டத்துக்கு ஆள் தெரியும், ஊருக்கு ஊரவனைத் தெரியாதா என்பது அடுத்த வாதம். 2011 ஓகஸ்டில் இதே கிழக்கு மாகாணம் எப்படிக் கிடந்தது என்று நினைவிருக்கிறதா? கிறீஸ் பூதம். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்க வரும் மர்ம மனிதன். பொத்துவிலில், கிண்ணியாவில், மட்டக்களப்பில் ஊரூராகப் பொல்லோடு விழித்திருந்தார்கள். அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை; முப்பது வருடப் போரில் அடிபட்ட பெண்களின் பயம் அது. ஆனால் அந்தப் பயம் கூட்டமாகத் திரண்டபோது என்ன செய்தது? ஹப்புத்தளைப் பக்கம் சந்தேகத்தின்பேரில் இருவரைக் கொன்றது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரைக் கொன்றது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதனைத் துரத்திப் போன சனத்தின் வீடுகளுக்குள் அன்றிரவே படையினர் புகுந்து அடித்து, நூறு பேரளவில் பிடித்துக்கொண்டு போனார்கள். கிறீஸ் பூதம் ஒன்றாவது பிடிபட்டு நிரூபிக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 2018 மே மாதம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்குச் சொக்லேற் கொடுத்த 65 வயது அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவள் என்று ஊர் கூடி அடித்தே கொன்றது. அவரை அடித்தவர்களும் எங்களைப் போல நல்ல மனிசர்தான், தங்கள் பிள்ளைகளைக் காப்பதாக நினைத்தவர்கள்தான்.

கூட்டம் எப்போதும் வெளியாளைப் பிடிக்கும், ஏழையைப் பிடிக்கும், புத்தி பேதலித்தவனைப் பிடிக்கும், தனக்காகப் பேச நாலு பேர் இல்லாதவனைப் பிடிக்கும். கேரளத்து அட்டப்பாடியில் 2018இல் அடித்துக் கொல்லப்பட்ட பழங்குடி இளைஞன் மேல் சொன்ன களவு, கொஞ்சம் அரிசி. ஆற்று மணலை லொறி லொறியாக அள்ளிக்கொண்டு போகிறவனை எந்த ஊர் இதுவரை கம்பத்தில் கட்டியது? ஐஸ் விற்கிறவனை யார் கட்டினார்? அவனிடம் ஆள் இருக்கிறது, காசு இருக்கிறது. வீச்சுவலையோடு வருகிறவன்தான் கட்டுவதற்கு லேசானவன்.

இனி எங்கள் ஊரின் கதைக்கு வருகிறேன். 1990இல் போர் மறுபடி தொடங்கியபோது ஆயிரக்கணக்கான சனம் கிழக்குப் பல்கலைக்கழக வளவுக்குள் அகதியாய்த் தஞ்சம் புகுந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் உள்ளே வந்தது. வரிசையில் நிற்கச் சொன்னார்கள். முகம் மூடிய தலையாட்டிகள் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். தலை ஆடினால் ஒரு பக்கம், ஆடாவிட்டால் மறுபக்கம். அன்று 158 பேரைக் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. 1994இல் அமைந்த, வடக்கு கிழக்குக்கான ஜனாதிபதி ஆணைக்குழு அவர்கள் கொண்டுபோகப்பட்டதற்குச் சாட்சியம் உண்டென்று பதிந்தது. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அரச படை செய்த அந்தக் குற்றத்தையும் ஊர் சனம் ஒரு பொடியனுக்கு அடித்ததையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அரசின் குற்றம் அரசினுடையது, அதற்கு அது பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் தலையாட்டி செய்தது என்ன? ஒரு முகத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான். எதற்காக ஆட்டினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆட்டப்பட்டவன் பேச இடமில்லை. "பார்த்தாலே தெரியுது, இவன்தான் கள்ளன்" என்று கம்பத்தடியில் ஒருவர் கத்தும்போது எனக்கு அந்த மூடிய முகம்தான் நினைவுக்கு வருகிறது. 158 வீடுகள் 1990இலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது எங்கள் பிள்ளை என்ன குற்றம் செய்தான், யார் சொன்னது, எங்கே வைத்து விசாரித்தீர்கள் என்ற இந்த மூன்று கேள்வியைத்தான். அதே கேள்வியை நாங்கள் இன்னொரு தாயின் பிள்ளைக்கு மறுக்கலாமா?

இந்த நாட்டில் தமிழர் கும்பல் நீதிக்குக் கை தட்டுவது தற்கொலைக்குச் சமம். பெரிய கும்பல் எங்களுடையதல்ல. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் நின்றது கும்பல்தான். அந்த வாரம் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழரை அடித்தும் வெட்டியும் கொன்றவர்களும் தாங்கள் தண்டனை கொடுப்பதாகவே எண்ணினார்கள். 2021 டிசம்பரில் பாகிஸ்தானின் சியால்கோட்டில் தொழிற்சாலை முகாமையாளர் பிரியந்த குமாரவை அடித்துக் கொன்று எரித்தபோது இலங்கை முழுவதும் அழுதது. அந்தக் கும்பலும் தன்னை நீதிமானாகவே கண்டது. இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். செங்கலடிக்கு மேற்கே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை எடுங்கள். எங்கள் பட்டிக்காரரின் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் கம்பிச் சுருக்கில் மாட்டியும் சாகின்றன. 2023 ஓகஸ்ட் 22ஆம் திகதி அதைப் பார்க்கப் போன மதகுருமாரையும் ஊடகவியலாளரையும் அங்கே குடியேறியவர்கள் மறித்து மணிக்கணக்காகப் பிடித்து வைத்தார்கள். அங்கே யார் நீதிபதி? கூடி நின்றவர்கள்தான். பண்ணையாளர்கள் என்ன செய்தார்கள்? பொல்லெடுக்கவில்லை. சித்தாண்டியில் கொட்டில் போட்டு மாதக்கணக்காக வீதியோரம் குந்தினார்கள், முறைப்பாடு எழுதினார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். எங்கள் பகுதியில் நீதி என்றால் என்ன என்று விளங்கிய சனம் அவர்கள்தான்.

மேய்ச்சல் தரையும் மாட்டுக் கள்ளன் என்ற பெயரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கப் புல்வெளி நாட்டுச் சரித்திரமும் சொல்கிறது. வயோமிங்கில் 1889 ஜூலை 20ஆம் திகதி எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் அவளுடைய துணைவனையும் பண்ணை முதலாளிகள் மரத்தில் தூக்கினார்கள். மாட்டுக் கள்ளி என்று பத்திரிகைகளும் எழுதின. அவள் முறைப்படி பதிந்து வைத்திருந்த நிலம் ஓடைத் தண்ணீர் பாயும் நிலம். தூக்கியவர்களில் ஒருவனின் மாடுகள் மேய்ந்த தரைக்கு நடுவில் இருந்தது. வழக்கு நின்று பிடிக்கவில்லை, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மூன்று வருடம் கழித்து, 1892இல், வயோமிங்கின் பெரிய பண்ணை முதலாளிமார் கூலிக்குத் துவக்குக்காரரை அமர்த்தி, கொல்ல வேண்டியவர் பெயர்ப் பட்டியலோடு ஜோன்சன் மாவட்டத்துக்குள் அனுப்பினார்கள். களவை ஒழிக்கத்தான் என்றார்கள். நிலத்தையும் தண்ணீரையும் யார் வைத்திருப்பது என்பதே சண்டை. கள்ளன் என்ற சொல்லுக்குப் பின்னால் காணி இருக்கிறதா என்று பார்க்கப் பழக வேண்டும்.

எங்களுக்கு இதைச் சொல்லித் தர வயோமிங் தேவையில்லை. வைகாசி பிறந்தால் கிழக்குக் கரையோரமெங்கும் கண்ணகையம்மன் கோயில் கதவு திறக்கிறது. தம்பிலுவிலில், காரைதீவில், செட்டிபாளையத்தில், எத்தனையோ ஊர்களில் குளிர்த்திச் சடங்கு. அங்கே இரவிரவாகப் பாடப்படும் காவியத்தின் பெயர் என்ன? கண்ணகி வழக்குரை. வழக்கை எடுத்துரைத்த பெண்ணைத்தான் நாங்கள் அம்மன் என்று கும்பிடுகிறோம். புருசனைக் கள்ளன் என்று சொல்லி, ஒரு கேள்வி கேட்காமல் வெட்டினார்கள். கள்ளன் என்று முதலில் கத்திய தட்டான்தான் களவெடுத்தவன். சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கமா முத்தா என்று பார்த்தது எப்போது? எல்லாம் முடிந்த பிறகு. அந்த உரப்பையைப் போலவே, பார்க்க வேண்டிய பொருள் முதலே அங்கேதான் இருந்தது. குளிர்த்தி அன்று நோன்பிருந்து நெல்லுக் குற்றிப் பொங்கிக் கும்பிட்டுவிட்டு, அடுத்த கிழமை ஒருவனைக் கேள்வியில்லாமல் கம்பத்தில் கட்டுகிறவர், தான் யாருக்குக் கும்பிட்டார் என்பதை யோசிக்கட்டும்.

அப்போது கள்ளனைப் பிடித்தால் விட்டுவிடவா என்று கேட்டால், இல்லை, பிடியுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் கண் முன்னே நடந்தால் சாதாரண ஆள் ஒருவரும் பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவர் தாமதிக்காமல் பொலிசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அடிக்கலாம் என்று எங்கும் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவையும் கூட்டத்தில் நின்று படம் எடுக்கிற தம்பிமார் தெரிந்துகொள்ளட்டும்: சட்டவிரோதமாகக் கூடியவர்களில் ஒருவர் அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காகச் செய்த குற்றத்துக்கு, அதில் சேர்ந்த ஒவ்வொருவரும் பொறுப்பு. அடி பட்டவன் செத்தால் அது கொலை வழக்கு.

பொலிஸ் அசையவில்லை என்றால் அசைக்க வேண்டியது பொலிசைத்தான். ஒருவராகப் போகாமல் கமக்காரர் அமைப்பும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து பத்துப் பேராகப் போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள். தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. அங்கும் முடியாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகம் இருக்கிறது. சின்னப் பிணக்கென்றால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. ஒருவனைக் கட்டுவதற்கு ஐம்பது பேர் கூட முடிகிற ஊரில், ஒரு முறைப்பாட்டின் பின்னால் ஐம்பது பேர் நடக்க ஏன் முடியாது?

ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் திகதியும் காணாமற்போனவர்களின் உறவுகள் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள். வருடத்துக்கு வருடம் தாய்மார் குறைந்துகொண்டு போகிறார்கள். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று சொல்கிறவர்களே, அடுத்த செப்டம்பரில் ஒருமுறை அங்கே வாருங்கள். விசாரிக்காமல் தண்டிப்பது நல்லதென்று அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.